பச்சை ஒளி வந்த வழி

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி, "சரியா அலம்பினியா?" என்பதுதான். கேட்டவர் என் வழிகாட்டிப் பேராசிரியை. மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம். தாராவியில் எங்கள் வீட்டில் பாத்திரத்தைக் கழுவுவோம், அவர் வீட்டில் அலம்புவார்கள். மற்றபடி இரண்டும் ஒரே தமிழ்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

தமிழ் தெரிந்த வழிகாட்டி கிடைத்தார் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். மற்ற மாணவர்களிடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசுகிற மேடம், என்னிடம் தமிழில் பேசுவார். திட்டுவதும் தமிழில்தான். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது என்பது அவருக்கு வசதியாக இருந்தது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

நேர்முகத் தேர்வில் நான் தாராவி என்று சொன்னதும், "அங்கேர்ந்து வந்து இவ்ளோ படிச்சிருக்கியே, பெரிய விஷயம்" என்றார். அப்போது அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்பா ஒரு பட்டறையில் வெல்டர். அம்மா வீட்டிலிருந்தே தோல் பைகளுக்குக் கைப்பிடி தைத்துக் கொடுப்பாள். எனக்குப் படிப்பு வந்தது, படித்தேன். இதில் பெரிய விஷயம் எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒளியை விழுங்கும் மூலக்கூறுகளை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பட்டதும் அப்படிப்பட்ட மூலக்கூறு அதை விழுங்கும். அதற்குள் இருக்கிற ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவும். அங்கே அதனால் தங்க முடியாது. கண் இமைக்கிற நேரத்தில் பல கோடியில் ஒரு பங்குதான், உடனே கீழே இறங்கிவிடும். இறங்குகிற வழியில் கொஞ்சம் ஆற்றலைச் சுற்றியிருக்கும் திரவத்துக்குச் சூடாகக் கொடுத்துவிட்டு, மீதியை ஒளியாக வெளியே விடும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியும். கணபதி பந்தலில் ஊதா விளக்கின் கீழ் வெள்ளைச் சட்டைகள் நீலமாகப் பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சலவைத் தூளில் கலந்திருக்கிற ஒரு மூலக்கூறு செய்கிற வேலை அது. வீட்டில் யாராவது என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் நான் இந்தச் சட்டைக் கதையைத்தான் சொல்வேன்.

மேடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவரே உருவாக்கிய ஒரு மூலக்கூறு. பொதுவாக ஒரு மூலக்கூறு ஒரு நிறத்தில்தான் ஒளிரும். மேடத்தின் மூலக்கூறு ஒரே கரைசலில் நீலமாகவும் ஒளிரும், பச்சையாகவும் ஒளிரும் என்று அவர் கட்டுரை எழுதியிருந்தார். ஒளியை விழுங்கியதும் மூலக்கூறு தன் உடம்பை முறுக்கிக்கொள்கிறது, முறுக்காமல் இறங்குவது நீலம், முறுக்கிக்கொண்டு இறங்குவது பச்சை என்பது அவர் சொன்ன விளக்கம். அழகான விளக்கம். முறுக்கிய மூலக்கூறின் படம் அவர் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது. அதே மூலக்கூறைப் பல கரைப்பான்களில் கரைத்து, நீலமும் பச்சையும் எப்படி மாறுகின்றன என்று அளக்க வேண்டும். முதலில் மேடம் எந்தக் கரைப்பானில் செய்தாரோ அதிலேயே ஆரம்பித்தேன். நிறமாலை எடுக்கிற மெஷினில் வைத்து அளந்தேன். திரையில் நீலத்துக்கு ஒரு மேடு வந்தது. பச்சை இருக்க வேண்டிய இடம் தரைமட்டமாகக் கிடந்தது.

"சரியா அலம்பினியா?"

கேள்வியில் தப்பில்லை. கண்ணுக்கே தெரியாத அழுக்கு ஒளிர்வை அணைத்துவிடும். குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்தேன். கரைப்பானை மறுபடி காய்ச்சி வடித்தேன். அளந்தேன். நீலம் மட்டும்தான் வந்தது. மறுபடி கழுவினேன். மறுபடி நீலம்.

ஒருநாள், ஒரே கரைசலைத் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்லி மெஷினை ஓடவிட்டு, டீ குடிக்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது திரையில் பச்சை இருந்தது. எனக்கு உயிர் வந்தது. மேடத்தைக் கூப்பிட ஓடியிருப்பேன். அதற்குள் ஒன்றைக் கவனித்துவிட்டேன். முதல் அளவையில் பச்சை இல்லை. அடுத்ததில் மெல்லிய புடைப்பு. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் உயரம். நீலம் அதே அளவுக்குக் குறைந்துகொண்டே வந்திருந்தது. நான் டீ குடித்த நேரமெல்லாம் மெஷினின் விளக்கு அந்தக் கரைசல் மேல் விழுந்துகொண்டிருந்தது.

முறுக்கிக்கொள்வதால் பச்சை வருகிறது என்றால், விளக்கு பட்ட முதல் கணத்திலேயே வந்தாக வேண்டும். மூலக்கூறு ஒளியை விழுங்கி இறங்குகிற அந்தச் சின்ன நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இதுவோ நிதானமாக வளர்ந்தது. அப்படியென்றால் விளக்கின் கீழ் அந்த மூலக்கூறு மாறிக்கொண்டிருக்கிறது. அநேகமாகத் திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து வேறொரு பொருளாக ஆகிறது. பச்சை அந்தப் புதுப் பொருளுடையது. மேடத்தின் மூலக்கூறுக்கும் பச்சைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

மேடத்தைக் கூப்பிட ஓடவில்லை, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லா அளவைகளையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

நைட்ரஜன் வாயுவைக் கரைசலுக்குள் குமிழியாகச் செலுத்தினால் அதிலிருக்கிற ஆக்சிஜன் வெளியேறிவிடும். அப்படிச் செய்து, மூடி அளந்தேன். எவ்வளவு நேரம் விளக்கடித்தாலும் நீலம் நீலமாகவே இருந்தது. காற்றை உள்ளே விட்டு விளக்கடித்தேன். பச்சை எழும்பியது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கிராஃபை வாங்கிப் பார்க்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் மூத்த மாணவர் ஒருவர் இருந்தார், மராத்திக்காரர். அவரிடம் அந்த அளவையை எடுத்துத் தரச் சொல்லிவிட்டார். அவர் எடுத்ததில் நீலமும் பச்சையும் பளிச்சென்று இருந்தன.

"பாத்தியா? அவன் கைக்கு வரது. உனக்கு வரலே" என்றார் மேடம்.

நான் அந்த மூத்த மாணவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வரைபடம் வழவழவென்று வர வேண்டுமென்று அவர் பல தடவை அளந்து சராசரி எடுத்திருந்தார். அத்தனை தடவையும் விளக்கு பட்டிருக்கிறது. "முதல் ஸ்கேனை, முதல் அளவையை மட்டும் தனியாகக் காட்டு" என்றேன். காட்டினார். பச்சை இல்லை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கெட்டிக்காரர், நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. "ஜானே தே யார்" என்றார். விட்டுத்தள்ளு என்று அர்த்தம். "இந்த வருஷம் நான் தீசிஸ் கொடுக்கணும். என்னை இதில் இழுக்காதே."

நான் அவரை இழுக்கவில்லை. அந்த முதல் ஸ்கேனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொடுத்தார், அதற்கு இன்றும் அவருக்கு நன்றி.

மறுபடி மேடத்தின் அறைக்குப் போனேன். இந்தத் தடவை கிராஃபுகளை மேஜை மேல் பரப்பிவிட்டேன். அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். என்னைவிடப் பல மடங்கு படித்தவர், பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. என் முதல் ஸ்கேன் மேல் அவர் விரல் நின்றதை நான் பார்த்தேன். அதன் பிறகுதான் அந்த வார்த்தைகளைச் சொன்னார்.

"கை சுத்தம்னு ஒண்ணு இருக்கு. உங்க ஏரியாத் தண்ணியெல்லாம் எப்படின்னு நேக்குத் தெரியும். எதையாவது கொண்டுவந்து கலந்துட்டு, பச்சை வளர்றதுன்னு என்கிட்ட வந்து நிக்காதே."

"அந்தக் கரைசல்ல தண்ணியே கிடையாது மேடம்" என்றேன்.

அவர் கிராஃபுகளை ஒன்றாக அடுக்கி என் பக்கம் தள்ளினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு பேசினார்.

"இதோ பார். வேற டாபிக் தரேன். நல்ல டாபிக். சீக்கிரம் முடிச்சுடலாம். வெளிநாடு போக சிபாரிசு நானே எழுதறேன். இதை இப்படியே விட்டுடு."

"அப்ப இது சரின்னு ஒத்துக்கிறீங்களா மேடம்?"

"நான் அப்படிச் சொல்லலே."

"அப்ப நானும் விடலை மேடம்."

அன்று சீக்கிரமாகவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிற வழியெல்லாம், தண்ணீரைப் பற்றி அவர் சொன்னதே காதில் ஓடியது. டாபிக்கைப் பற்றி, வெளிநாட்டைப் பற்றி எதுவும் நினைவில்லை. எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் மோசம்தான். அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் என் அளவை தப்பு என்பதற்கு அதுதான் ஆதாரம் என்றால், நான் என்ன அளந்தாலும் தப்பாகத்தான் இருக்கும்.

வீட்டில் அக்கா வந்திருந்தாள். கோவண்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம், பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. அம்மா கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

அம்மா ஊசியை நிறுத்தவில்லை. "ஏட்டி, அந்தம்மாகிட்ட ஒனக்கு எதுக்கு லஃப்டா, வம்பு? அவுக வேற தாரேன்னுதான சொல்லுதாவ? வாங்கிட்டுப் போவியா, மல்லுக்கு நிக்கியே?"

"அவங்க சொல்லுதது தப்பும்மா."

"தப்பா இருக்கட்டும். ஒரு வெளிச்சம் பச்சையா இருந்தா என்ன, நீலமா இருந்தா என்ன? யார் குடி முழுவப் போவுது?"

உண்மையிலேயே யார் குடியும் முழுகாது. அக்காதான் குறுக்கே வந்தாள். "யம்மா, பாகல் மாதிரி கிறுக்குத்தனமா பேசாத. வெளிச்சத்த விடு. இவ கையி அழுக்குன்னு சொல்லியிருக்கா அந்தப் பொம்பள. அது ஒனக்குக் கேக்கலியா?"

அம்மா ஊசியை நிறுத்தினாள். "அப்படியா சொன்னா?"

"அப்படித்தாம்மா."

"தண்ணி அழுக்குன்னு சொன்னாளா?"

"ஆமா."

அம்மா தையலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சரி. ஒங்க அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கிடுதேன். நீ செய்யுதத ஏக்தம் சரியா, ஒரு குறையும் இல்லாமச் செய்யி. பாதியில அழுதுட்டு வந்து நிக்கக் கூடாது, ஆமா."

வருஷ முடிவில் ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவரும் துறையின் முன்னால் நின்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். எல்லாப் பேராசிரியர்களும் வருவார்கள். மேடம் என் ஸ்லைடுகளைத் திருத்திக் கொடுத்திருந்தார். அதில் மூத்த மாணவர் எடுத்த சராசரிப் படம் இருந்தது, நீலமும் பச்சையுமாக. நான் எதையும் மறைத்துச் செய்ய விரும்பவில்லை. முந்தின நாளே அவர் அறைக்குப் போனேன்.

"மேடம், நாளைக்கு என் கிராஃபையும் காட்டுவேன். மேஜை மேல பரிசோதனையும் செஞ்சு காட்டப் போறேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "காட்டினா நான் உனக்கு வழிகாட்டியா இருக்க மாட்டேன்."

"சரி மேடம்."

மறுநாள் மூன்று சிறிய கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றிலும் ஒரே கரைசல், ஒரே குப்பியிலிருந்து ஊற்றியது. ஒன்றில் ஆக்சிஜனை வெளியேற்றி இறுக்கி மூடியிருந்தேன். மற்ற இரண்டிலும் காற்று இருந்தது. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் அலுமினியத் தாளால் ஒளி புகாதபடி சுற்றியிருந்தேன். பேச ஆரம்பிக்கும் முன் அறை விளக்கை அணைத்து, தாளைச் சற்றே பிரித்து, மூன்றையும் புற ஊதா விளக்கின் கீழ் ஒரு நொடி காட்டினேன். மூன்றும் நீலம். தாளை மறுபடி சுற்றி, மூன்றையும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் பேசினேன்.

என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருக்காது. தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். அன்று அதைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. முதல் ஸ்கேன், அடுத்த ஸ்கேன், அதற்கடுத்தது என்று வரிசையாகக் காட்டினேன். என்னுடையதைக் காட்டினேன். பெயர் சொல்லாமல் மூத்த மாணவரின் முதல் ஸ்கேனையும் காட்டினேன், வேறொரு கை, வேறொரு குப்பி என்று. மேடம் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேசி முடித்து அறையை இருட்டாக்கிப் பெட்டியைத் திறந்தேன். காற்று இல்லாத குழாய் நீலம். தாளைப் பிரித்தேன், அதுவும் நீலம். காற்றும் விளக்கும் இரண்டும் பட்ட குழாய் பச்சை. இளம்புல் மாதிரியான பச்சை. கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. யாரோ எழுந்து முன்னால் வந்தார்கள், நாற்காலி உரசிய சத்தம் கேட்டது.

விளக்கைப் போட்டதும் மேடம் எழுந்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: "இது என் ஒப்புதல் இல்லாமல் செய்தது. குப்பிகளின் சுத்தம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது."

"மூன்றும் ஒரே குப்பியிலிருந்து ஊற்றியது மேடம்" என்றேன் நானும் ஆங்கிலத்தில். "அழுக்கு இருந்தால் மூன்றிலும் இருக்கும். மூன்றும் பச்சையாகியிருக்க வேண்டும். விளக்கும் காற்றும் சேர்ந்து பட்டது மட்டும்தான் ஆகியிருக்கிறது. குப்பி இங்கேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அவர்கள் கையால் ஊற்றிப் பார்க்கலாம்."

யாரும் வந்து ஊற்றிப் பார்க்கவில்லை. துறைத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார். நான் என் குழாய்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. கை தட்டல் எதுவும் கிடையாது. அன்று யாராவது தோளில் தட்டிக் கொடுத்திருந்தால் அழுதிருப்பேன். தட்டாதது நல்லதாகப் போயிற்று.

மேடம் சொன்னபடியே செய்தார். வழிகாட்டி இல்லாத ஆராய்ச்சி மாணவி என்றால் மெஷினைத் தொடக்கூட அனுமதி கிடையாது. ஒவ்வொரு பேராசிரியராகப் போய்க் கேட்டேன். இடமில்லை என்றார்கள், ஓய்வுபெறப் போகிறேன் என்றார்கள். ஒருவர், "பெண்ணே, உனக்கு வாய் கொஞ்சம் அதிகம்" என்றார். "சொல்றது சரியா இருந்தா வாய் அதிகம்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாட்களில் செம்பூரில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். வீட்டில் ஒருவரும் ஏன் காலேஜுக்குப் போகவில்லை என்று கேட்கவில்லை. அம்மா மட்டும், பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "லீவுல இருக்கா" என்று சொல்லிவைத்தாள்.

கடைசியில், அந்த வருஷ முடிவுக் கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். கடுகடுப்பான மனிதர். "எனக்கு உங்கள் சண்டையில் அக்கறை இல்லை" என்று எடுத்த எடுப்பில் சொன்னார். "அந்தப் பச்சைப் பொருள் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். கண்டுபிடித்துத் தருவாயா?"

"தருகிறேன்" என்றேன்.

அதுதான் என் தீசிஸ் ஆயிற்று. விளக்கின் கீழ் அந்தக் கரைசலை வைத்து வைத்து, உண்டாகிற பச்சைப் பொருளைத் துளித்துளியாகப் பிரித்தெடுத்தேன். மூலக்கூறின் நடுவளையத்தில் ஆக்சிஜன் போய் ஒட்டி, வளையம் திறந்துகொள்கிறது என்று காட்டினேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் முடித்து வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் பட்டம் வந்தது. கட்டுரையும் வெளிவந்தது. மேடத்தின் பழைய கட்டுரையின் முடிவு தவறு என்று அதில் ஒரு வரி. அந்த வரியைக் கொஞ்சம் மென்மையாக மாற்றலாமே என்று ஆய்விதழ் ஆசிரியர்கள் கேட்டார்கள். மாற்றவில்லை.

இப்போது செம்பூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சமீபத்தில் மாட்டுங்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது மேடத்தைப் பார்த்தேன். ஓய்வுபெற்றுவிட்டார், முடி முழுக்க நரைத்துவிட்டது. நான் நகர்ந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் அவரே பக்கத்தில் வந்தார்.

"நன்னா இருக்கியா?"

"இருக்கேன் மேடம்."

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி பண்ணியிருக்க வேண்டாம். என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம்."

"தனியாத்தான் சொன்னேன் மேடம். உங்க ரூம்ல நின்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த பையை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "இன்னும் கோபம் போகலையா நோக்கு?"

"இல்ல மேடம். போகணும்னு நான் நினைக்கவும் இல்ல."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. வேறு யாரோ கேட்பது மாதிரியான குரலில் கேட்டார்: "அந்தப் பச்சை... ஆக்சிஜன் எங்கே போய் ஒட்டறது? நடுவளையத்துலயா?"

"ஆமா. ரெண்டு கார்பனுக்கும் குறுக்க. அப்புறம் வளையம் பிரிஞ்சுடும்."

விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படித்தான் இருக்கணும்" என்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டு நடந்துபோனார். தண்ணீரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை, அதனால் நான் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவருடைய கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கேயோ இருக்கிற யாரோ அதைப் படித்துவிட்டு, மூலக்கூறு முறுக்கிக்கொள்கிறது, இரண்டு நிறத்தில் ஒளிர்கிறது என்று இன்றும் எழுதுகிறார்கள். அப்படி எழுதியது கண்ணில் பட்டால் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறேன். முதல் ஸ்கேனைத் தனியாகப் பாருங்கள் என்று எழுதுகிறேன். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புகிறேன்.